கடலோரச் சாவடியின் கூடுதல் ஓட்டு

லாஸ்பேட்டைக் கல்லூரி ஆசிரியை ஹேமலதா, புதுச்சேரியின் கடலோரத் தொகுதி ஒன்றின் தேர்தல் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். 1964 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே வாக்குச்சாவடியில், வந்தவர்களைவிட ஓர் ஓட்டு அதிகம் விழுந்திருந்தது. இம்முறை அவருக்கு அங்கேயே தேர்தல் பணி கிடைத்தது. கள்ள ஓட்டுக்காரரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட முடிவு செய்தார்.

மாலையில் கடைசி வாக்காளரும் போனபின் கதவைச் சாத்தினார்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தின் அருகே யாருமில்லை. நாளெல்லாம் சண்டையிட்ட கட்சி முகவர்கள் சேர்ந்து எழுந்து நின்றார்கள்.

“எழுந்திருங்க மேடம், வந்துட்டாங்க,” என்றார் அவர்களில் ஒருவரான சின்னப்பொண்ணு.

“யாரு?”

“தெரியாது மேடம். எங்கப்பா காலத்துலேருந்து வர்றாங்க.”

இயந்திரம் நீளமாக ஒலித்தது. ஹேமலதா எழுந்து, தன்னையறியாமல் கைகூப்பினார். அந்த ஒலி அடங்கும்வரை வெளியே கடலின் இரைச்சல் நின்றிருந்தது.