வெள்ளிக்கரை வைத்த அபாயா

"இத்தா இருக்கிற பொம்பிளை இப்பிடி வெளிக்கிட்டுத் திரியலாமோ?"

வெள்ளவத்தை ஃபிளாட்டின் பல்கனியில் நின்று தலை வாரிக்கொண்டே மருமகளிடம் கேட்டாள் சிவக்கொழுந்து. அதே கட்டிடத்தில் எதிர்ப்பக்க வீட்டு மஸாஹிராவின் புருஷன் காலமாகி இன்னும் இத்தா முடியவில்லை. வாசற்படி தாண்டக்கூடாத காலம். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் அவளுடைய கறுப்பு அபாயா, கைவிளிம்பில் வெள்ளிக்கரை வைத்தது, முகத்தையும் மூடிக்கொண்டு ஓட்டோ ஏறிப் போவதைச் சிவக்கொழுந்து கண்ணால் கண்டிருக்கிறாள்.

"அது அவவின்ர பாடு, மாமி. எங்களுக்கென்ன?" என்றாள் தாரிகா.

"எங்க போறா தெரியுமோ? ஓட்டோக்கார ஸ்ரனிஸ்லாஸ் சொன்னவன். மார்புப் புற்றுநோய் பாக்கிற கிளினிக்குக்காம். அந்த வாசலில நிண்டாலே குடும்பத்துக்குப் பேர் கெட்டுப்போம். பிறகு எங்கட பிள்ளையளை ஆர் கட்டுவினம்?"

சொல்லும்போதே அவள் கை இடது கக்கத்துக்குப் போனது. புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. தைப்பொங்கலில் இருந்து இருக்கிறது. மகனுக்கும் சொல்லவில்லை, மருமகளுக்கும் சொல்லவில்லை. செத்துப்போவேனோ என்று பயம்தான். ஊர் கதைக்குமே என்ற பயம் அதைவிடப் பெரிது.

அடுத்த செவ்வாய், தாரிகா மார்க்கெட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில், கீழே அந்த அபாயா வெளியே வந்தது.

"மஸாஹிரா" என்று கூப்பிட்டாள் சிவக்கொழுந்து.

திரும்பவில்லை. தலைகூட அசையவில்லை. ஓட்டோ போய்விட்டது.

நிமிர்ந்தவள் உறைந்துபோனாள். எதிர் ஜன்னலில் திரை விலகியிருந்தது. வெள்ளை உடுத்து, அசையாமல், அவளையே பார்த்தபடி நின்றாள் மஸாஹிரா.

சீப்பு கை நழுவி விழுந்தது. இப்போது கீழே போனது யார்?

நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டாள். மதியம் வரை படிக்கட்டு மூலையில் பதுங்கி நின்றாள். அபாயா சத்தமில்லாமல் படியேறி வந்து மஸாஹிராவின் வீட்டுக்குள் நுழைந்தது. கதவு சாத்த முன் சிவக்கொழுந்து தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே வெள்ளையில் ஒருத்தி. கறுப்பில் ஒருத்தி.

"நீ மனிசியோ, பேயோ?"

முகத்திரை மேலே போனது. தாரிகா.

"நான்தான், மாமி. சும்மா ஒருக்கா டொக்டருக்குக் காட்டினனான். ஒண்டுமில்லையாம். போன கிழமை போனது மேல்மாடி டீச்சர். பேர் கெடும், பேர் கெடும் எண்டு நீங்கள் கதைக்கிற கதைக்கு, இந்த அபாயாவை விட்டால் எங்களுக்கு வேற வழியில்லை."

 சிவக்கொழுந்து மஸாஹிராவைப் பார்த்தாள்.

"அப்ப ஊர் வாயில கெடுறது உங்கட பேரெல்லோ?"

"கெடட்டுமே. என்ட கூடப்பொறந்த ராத்தா வெக்கப்பட்டு, மார்பில வந்த கட்டிய ஒருத்தருக்கும் காட்டாமலே மௌத்தாகி மண்ணுக்குப் போனவ."

மஸாஹிரா அபாயாவை வாங்கி உதறி, சிவக்கொழுந்தின் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

"நீளம் சரி. வாற செவ்வாய் இது உங்களுக்கு. தலை வாரக்குள்ள உங்கட கை எங்க போகுதுண்டு, ஜன்னலால ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டுதானே இரிக்கிறன்."