புகை எட்டும் தூரம்

கார்காலம் தன் முழுப் பாரத்தோடும் ஊரின்மேல் இறங்கியிருந்தது. சூல் முற்றிய முகில்கள் நடை தளர்ந்து, மொட்டைமாடிகளைத் தொட்டுவிடுவனபோல் தாழ்ந்து நின்றன. பகலுக்கே விளக்கு வேண்டியிருந்தது. காற்றில் ஈரமும், ஈரத்தில் இன்னதென்று சொல்லவொண்ணாத ஓர் ஏக்கமும் கலந்திருந்தன.

அழகு நிலையத்தின் சுழல் நாற்காலியில், முன்தள்ளிய வயிற்றின்மேல் இரு கைகளையும் கோத்து அமர்ந்திருந்தாள் ஒருத்தி. மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தவள். பார்த்த நொடியே பார்லர்காரம்மா அவளுக்கு மனத்துள் 'மகாராணி' என்று பட்டம் சூட்டிவிட்டாள்.

பின்னால், கைப்பிடிச் சுவரைப் பற்றிப் பற்றி ஏறி வந்து, தொளதொளத்த மழைக்கோட்டைக் கழற்றாமலே மூலையில் சாய்ந்தவள் வேலைக்காரி போலும். 'எஜமானிக்கு ஏற்ற சோம்பேறி' என்று அவள்மேலும் ஒரு முத்திரை விழுந்தது.

"ஸ்மூத்தனிங் பண்ணணும். ஒரு சுருட்டை கூட மிச்சம் இருக்கக் கூடாது. நாளைக்கு என் கொழுந்தனுக்குக் கல்யாணம்."

"எத்தனை மாசம்?"

"ஏழு."

"ஏழு மாசத்துல ஸ்மூத்தனிங்கா? டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"நான் முடிக்குத்தான் வந்தேன். பிரசவம் பாக்க வரல."

பார்லர்காரம்மாவின் உதடு கோணிற்று. எத்தனையோ தலைகளை வாரிப் பழகிய அவளுக்கு, தலைக்குள் ஒன்றுமில்லாதவர்கள்மேல் என்றுமே ஓர் இளக்காரம் உண்டு.

"இங்க பாருங்கம்மா. கிரீமைத் தடவி அயர்ன் வச்சு இழுத்தா புகை கெளம்பும். கண்ணு எரியும், தொண்ட கமறும். முடியிலதானே போடறோம்னு நெனைக்காதீங்க, மூச்சுல போயிடும். மத்த நாள்னா ஜன்னலத் தொறந்து வைப்பேன். இன்னைக்குச் சாரலுக்கு எல்லாத்தையும் சாத்தியாச்சு. வயித்துல புள்ளையோட வர்றவங்களுக்கு நான் இதைத் தொடறதே இல்ல."

மகாராணியின் முகம் மாறிற்று. "புகை எவ்வளவு தூரம் போகும்?"

"இந்த ரூம் பூரா சுத்தும். வேற எங்க போகும்?"

சட்டென்று மூலைப்பக்கம் திரும்பினாள் மகாராணி. "நீ எழுந்திரு. வராந்தாவுல போய் உக்காரு."

"குளிருதேக்கா."

"போன்னா போ!"

மழைக்கோட்டுக்காரி எழுந்து வெளியே போனாள். வேலைக்காரியின் எதிரே வசவு வாங்க வெட்கம் போலும் என்று பார்லர்காரம்மா உள்ளுக்குள் நகைத்துக்கொண்டாள். வெட்கப்படவாவது தெரிகிறதே!

கதவு சாத்தும் வரை பார்த்திருந்துவிட்டு மகாராணி சொன்னாள்: "அவதான் போயிட்டாளே. ஆரம்பிங்க."

"எதை ஆரம்பிக்கறது? நான் பண்ண மாட்டேன். வேற கடை பாருங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு என்னம்மா ஆகப்போகுது, கல்லு மாதிரி இருக்கீங்க! முடி சுருண்டா சீப்பு இருக்கு. உள்ள இருக்கறது சுருண்டு போச்சுன்னா எதை வச்சு நிமித்துவீங்க?"

மகாராணியின் குரல் இறங்கிற்று. "நாளைக்கு எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க. மாமியார் வீட்டுச் சொந்தம் அத்தனையும் வருது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, நாளைக்குத்தான் நான் அவங்க முன்னாடி தலை நிமிந்து நிக்கப்போறேன். உங்களுக்குப் புரியாது."

"நல்லாவே புரியுது. ஊரு மெச்ச மினுக்கணும், புள்ள எக்கேடு கெட்டா என்ன! ஒண்ணே ஒண்ணு கொடுன்னு ஏங்கித் தவிக்கறவ எத்தனையோ பேர் இருக்கா. அவங்களையெல்லாம் விட்டுட்டுக் கடவுள் உன்ன மாதிரி ஒருத்திக்குக் கொடுத்திருக்கான் பாரு, வயிறு!"

மரியாதை எந்த இடத்தில் கழன்று விழுந்ததென்று பார்லர்காரம்மாவுக்கே தெரியவில்லை. எடுத்து ஒட்டவைக்கவும் அவளுக்கு மனமில்லை.

மகாராணியின் இதழ்கள் ஒருமுறை துடித்து அடங்கின. கழுத்தைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து நான்காய் மடித்து நாற்காலியின்மேல் வைத்துவிட்டு, கண்ணாடியைப் பாராமல் வெளியே நடந்தாள்.

'எங்க முடியுமோ அங்க போய்க் காசைக் கொட்டட்டும்' என்று முணுமுணுத்தாள் பார்லர்காரம்மா. ஆயினும், சொல்லாமல் விட்ட இரண்டு வார்த்தைகள் தொண்டையில் உறுத்தின. அவற்றையும் சொல்லித் தீர்த்துவிடும் ஆவேசத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தவள், அப்படியே நின்றாள்.

மழைக்கோட்டுக்காரி பெஞ்சில் அமர்ந்திருந்தாள். தலைமறைப்பு பின்னே சரிந்திருக்க, அவள் தலையிலும் அதே சுருட்டை. கோட்டின் பொத்தான்கள் கழன்றிருந்தன.

அவள் எதிரே, சாரல் நனைத்த தரையில், மகாராணி மண்டியிட்டிருந்தாள். விழிகள் மூடியிருந்தன, கரங்கள் குவிந்திருந்தன. திரை விலகிய கருவறைமுன் நின்று தொழுபவளைப்போல, அவள் சிரம் தாழ்ந்தது.

பெஞ்சில் இருந்தவள் மகாராணியின் சுருட்டை முடிக்குள் விரல்களை நுழைத்து, மெல்லக் கோதினாள்.

"அழாதக்கா. நீ கட்டியிருக்கற பஞ்சுப் பொதியக் கொஞ்சம் நகத்திட்டு, இங்க என் வயித்துல காத வை. உன் புள்ளையும் நீயும் நூறு வருஷம் நல்லா இருப்பீங்க."