துணைக்கு வந்தவர்கள்

ஸ்டாமாதிஸ் மறுபடியும் நின்று மூச்சு வாங்கினார். உடன் வந்த இரண்டு கருப்புச் சட்டை இளைஞர்களும் பல்லைக் கடித்தார்கள். ஏதென்ஸில் ஓய்வூதியம் எடுக்கப் போகும் கிரேக்க முதியவர்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்புவதாக, வெளிநாட்டவரை விரட்டச் சொல்லும் அவர்களுடைய கட்சி அறிவித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேர்தல்.

“வேகமா நடங்க பெரியவரே. சந்தையில வேலை இருக்கு.”

“என்ன வேலை தம்பி?”

“வெளிநாட்டுக்காரனுங்க கடையை எல்லாம் அடிச்சு நொறுக்கணும். நம்ம ரொட்டியைப் பிடுங்கித் தின்றவனுங்க.”

“அடடா! என் ஓய்வூதியத்தை வெட்டினது தக்காளி விக்கிற யூசுஃப்னு தெரியாமப் போச்சே!”

இளைஞன் முறைத்தான். அவனுடைய போன் அடித்தது. தலைவரின் கத்தல் ஸ்டாமாதிஸுக்கும் கேட்டது.

“சந்தையில நான் மட்டும் நிக்கிறேன். எங்கடா இருக்கீங்க?”

“ஒரு பெரியவரோட இருக்கோம் அண்ணே.”

“எல்லாரும் இதையே சொல்றானுங்க! காலையில இருந்து துணை கேட்டு போன் மேல போன்!”

வங்கி பூட்டியிருந்தது. ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். வாசலெங்கும் முதியவர்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் கருப்புச் சட்டை. அத்தனை பேரும் ஸ்டாமாதிஸோடு டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள். நேற்று மாலை சங்கத்தில் கூடியபோதே இந்த வேலைநிறுத்தமும் சந்தையில் நடக்கவிருந்த தாக்குதலும் அவர்களுக்குத் தெரியும்.

“சரி, வீட்டுக்குப் போகலாம். மெதுவா கூட்டிட்டுப் போங்க தம்பிகளா,” என்று ஸ்டாமாதிஸ் கையை நீட்டினார். “பாதியில விட்டுட்டு ஓடினீங்கன்னா, ஓட்டு கேட்டு வர்றப்ப கதவைத் திறக்க மாட்டோம்.”