பயணத்தில் அம்மாவும் அப்பாவும்

“பிள்ளையார் தேருக்கு வாறம் அப்பா. இந்த முறையும் ஹோட்டல்தான்,” என்று லியோன் நகரிலிருந்து போனில் சொன்னாள் தாட்சாயினி.

கோயிலுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோயில் இருந்த பெற்றோரின் வீடு ஒரே அறை. அவளும் கணவனும் இரண்டு பிள்ளைகளும் போனால் கால் நீட்ட இடம் இருக்காது.

“ஹோட்டல் வேண்டாம். வீடு சும்மாதான் கிடக்கும், வந்து நில்லுங்கோ. நாங்கள் காம்பிங்காரிலை வெளிக்கிடுறம்,” என்றார் இராஜேந்திரன். அடுப்பும் கட்டிலும் உள்ள அந்த வானை அவர் ஓய்வுபெற்றதும் வாங்கியிருந்தார்.

“வருசத்திலை ஒருக்கா பேரப்பிள்ளையள் வரேக்கையும் உங்களுக்கு ஊர் சுத்தவேணுமோ?”

“பென்சன் எடுத்த ஆக்களுக்கு வேறை என்ன வேலை?” பின்னால் அம்மா சாரதாதேவி சிரிப்பது கேட்டது.

தாட்சாயினி கோபத்தில் போனை வைத்துவிட்டாள்.

தேருக்கு முதல்நாள் மாலை, தன்னிடமிருந்த சாவியால் வீட்டைத் திறந்தாள். கட்டிலில் புது விரிப்பு. அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு. சட்டியைத் தொட்டாள், கை சுட்டது.

உடனே அம்மாவை அழைத்தாள். “இப்ப எங்கை நிக்கிறியள்? கடற்கரையிலையோ?”

“யன்னலைத் திறந்து கீழை பார்.”

தெருவோரம் வான் நின்றது. அதன் வாசலில் நின்று அம்மா கையாட்டினாள்.

“இவ்வளவு தூரந்தானோ உங்கடை பயணம்?” தாட்சாயினி யன்னலால் எட்டிப் பார்த்தபடி கேட்டாள்.

“ஓம் பிள்ளை. உங்களை ஹோட்டலுக்கு அனுப்பிப்போட்டு எனக்கு ஒருநாளும் நித்திரை வந்ததில்லை. இப்ப பிள்ளையார் இந்த வானிலை எங்களுக்கு ஒரு அறை கூட்டித் தந்திருக்கிறார். சரி, சட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் இறங்கி வாங்கோ. அப்பாவுக்குப் பசிக்குதாம்.”