வாங்காத வாடிக்கையாளர்

"ஒரே நம்பர், சார். இந்த மாசம் மட்டும் இருபத்தாறு தடவை" என்றபடி மடிக்கணினியைக் கடைக்காரர் பக்கம் திருப்பினாள் அவள்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

பார்வை குறைந்தவர்களுக்கான சாமான்கள் விற்கும் சின்னக் கடை. மணி சொல்லும் பேசும் கடிகாரம், பெரிய எண் போட்ட தொலைபேசி, பூதக்கண்ணாடி. தெருவில் போகிறவர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆன்லைனில் விற்றால்தான் உண்டு. அதற்காக இணையத் தேடலில் விளம்பரம் கொடுத்திருந்தார். அதைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை.

"பேசும் கடிகாரம்னு யார் தேடினாலும் நம்ம கடைதான் முதல்ல வருது. அதைத் தொட்டா உங்களுக்கு நேரா போன் வந்துடும். ஒவ்வொரு தடவை தொடும்போதும் உங்க காசு போகுது. வாங்கறவங்க தொட்டா சரி. இவங்க ஏதாவது வாங்கினாங்களா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்குக் கூப்பிடறாங்க?"

"கடிகாரம் என்ன விலைன்னு கேப்பாங்க. சொல்லுவேன். யோசிச்சுச் சொல்றேம்பாங்க. அப்புறம் மழை, வெயில்னு ஏதாவது..." கடைக்காரர் இழுத்தார். "பாவம், தனிக்கட்டை போலிருக்கும்மா. பின்னாடி ஒரு சத்தம் கேக்காது. நானும் பேசலேன்னா அவங்களுக்கு வேற யார் இருக்கா?"

அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"நாலு மணிக்கு இவங்க ஆரம்பிச்சா முக்கால் மணி நேரம் லைன் கிடைக்கறதில்லை. போன வாரம் ஒரு முதியோர் இல்லத்துலேர்ந்து பன்னிரண்டு கடிகாரம் கேட்டுக் கூப்பிட்டிருக்காங்க. உங்க லைன் கிடைக்காம வேற கடையில வாங்கிட்டாங்க. ரெண்டு மாசத்துல விற்பனை ஏறலேன்னா கடையைக் காலி பண்ணிடறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்தான்."

"அப்ப இன்னிக்கே அவங்ககிட்ட பக்குவமா சொல்லிடுங்க."

"எப்படிம்மா சொல்றது? தொந்தரவு பண்றோமோன்னு நெனச்சு நிறுத்திட்டாங்கன்னா?"

"நிறுத்தத்தானே சார் சொல்றேன்."

அலமாரியில் இருந்த கடிகாரம் ஒன்று பெண் குரலில், "மணி மூன்று" என்றது.

"சரி" என்றார் கடைக்காரர், அதனிடம்.

சொன்னது அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது என்று எப்போதோ சொல்லியிருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு நாற்காலியில் காலி அட்டைப் பெட்டிகள் கழுத்து உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன.

இப்படிப்பட்ட மனுஷரைப் போய் ஒருத்தி பொழுதுபோக்காக வைத்திருக்கிறாளே என்று நினைத்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்பர்தான் இங்க இருக்கே. நான் பேசிக்கறேன்."

கடைக்காரர் தயங்கித் தயங்கித்தான் தலையாட்டினார். "மனசு நோகாம சொல்லும்மா. இளகின மனசு."

மறுநாள் காலை அவள் அந்த எண்ணை அழைத்தாள்.

எடுத்த கையோடு காது அடைத்தது. குக்கர் விசில் அடித்தது. இரண்டு குழந்தைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன. "என் சட்டையை எங்க வெச்சே?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. யாரோ யாரையோ குளியலறையிலிருந்து சீக்கிரம் வரச் சொன்னார்கள்.

தப்பான எண்ணோ என்று அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. கடையின் பேரைச் சொன்னாள்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் எடுத்தவள். படியேறும் சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. சத்தமெல்லாம் அடங்கியது. "சொல்லுங்க. அவருக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவருக்கு ஒண்ணும் இல்லை. கடைக்குத்தான் கஷ்டம்" என்று ஆரம்பித்து, அவள் வரிசையாகக் கொட்டித் தீர்த்தாள். விளம்பரத்தைத் தொட்டால் காசு போவது, லைன் கிடைக்காமல் போவது, முதியோர் இல்லம். "உங்களுக்குக் கடிகாரம் வேணும்னா வாங்குங்க. வேண்டாம்னா விட்டுடுங்க. அந்த மனுஷர் பாவம்."

"தொட்டா அவருக்குக் காசு போகும்னு நெஜமாவே எனக்குத் தெரியாதும்மா. இனிமே நேரா கூப்பிடறேன். ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக்கறேன்."

"கூப்பிடாம இருந்தா இன்னும் நல்லது. உங்களுக்குக் கடிகாரமே வேண்டாம்தானே?"

"வேண்டாம்தான். என் பொண்ணுக்குப் பேசும் பொம்மை தேடினேன். உங்க கடை விளம்பரம் வந்துது. கை பட்டு அவருக்குப் போன் போயிடுச்சு. தப்பா வந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு வெக்கப் போனேன். 'வெச்சுடாதீங்க, காலைலேர்ந்து நான் யார்கிட்டயும் பேசலை'ன்னார்."

அவள் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மறுநாள் சும்மா கூப்பிட்டா அவருக்குக் கூச்சமா இருக்கும் இல்லையா? அதான் விலை கேட்டேன். இங்க எட்டுப் பேர் இருக்கற வீடு. சத்தம் கேட்டா, வேலையா இருக்கீங்கன்னு உடனே வெச்சுடுவார். அதனால நாலு மணிக்கு மாடிக்கு வந்துடுவேன்."

கீழேயிருந்து யாரோ அந்தப் பெண்ணைக் கூப்பிடுவது கேட்டது. "வரேன், வரேன்" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரே ஒரு உதவி பண்ணுங்கம்மா. இதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு யாரும் இல்லைன்னு நெனச்சுத்தான் அவர் தினம் கடையைத் திறக்கறார்."