இடது தோள்

"நிக்க வெச்சு வரைஞ்சா யாருக்கு இன்னா புரியும்? எங்கப்பா முதுகு மேல ஏத்து நசருல்லா! அதுலதான்யா கதையே இருக்குது!"

ஜீப்பிலிருந்து இறங்கிய மூச்சு அடங்குமுன்னே கோவிந்தன் பேரத்தை ஆரம்பித்துவிட்டான். திருப்பத்தூரில் புளி மண்டி வைத்திருப்பவன். வாய் ஓய்ந்தால் வியாபாரமும் ஓய்ந்துவிடும் என்று நம்புகிற ரகம்.

புதூர்நாட்டு மலைமக்கள் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று, மறுநாள் திறப்பு விழாவுக்காக, வேட்டியால் மூடப்பட்டிருந்தது. படத்தில் இருப்பவர் போன வருஷம் இறந்த சடையன். கடனுக்கு ஈடாக, காட்டில் மரம் வெட்டும் கூப்புக் காண்டிராக்டர் ஒருவன் அடைத்து வைத்திருந்த குடும்பங்களுக்காகக் கோர்ட்டுப் படி ஏறிய மலைக்காரர். சாட்சி சொல்லக் கூடாதென்று அவர் கையை உடைத்தார்கள். உடைந்த கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

சாயமெல்லாம் கோவிந்தன் உபயம். பதிலுக்கு, பட்டாளத்திலிருந்த தன் அப்பாவுக்கும் சுவரில் இடம் வேண்டும் என்று வந்து நின்றான்.

"படம் முடிஞ்சிடுச்சே மொதலாளி" என்றான் நசருல்லா. திருப்பத்தூரில் கடைப் பலகை எழுதுகிறவன். "போட்டோவே எடுத்துக்காத மனுஷன். அம்மா சொல்லச் சொல்ல, அங்க அடையாளம் கேட்டுக் கேட்டு வரைஞ்சது."

அந்த அம்மா, சடையனின் மனைவி பாஞ்சாலை, பக்கத்தில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கோவிந்தன் அவர் பக்கம் திரும்பினான்.

"நீங்களே சொல்லுங்கம்மா. பர்மா சண்டையில படை பின்வாங்குது. ரோடு போடப் போன உங்க வூட்டுக்காரரு குண்டு பட்டுக் காட்டுல கெடக்கறாரு. எங்கப்பா தூக்கிட்டு வரலைன்னா சடையன் ஏது, சாட்சி ஏது, இந்தச் சங்கந்தான் ஏது?"

முறம் ஒரு கணம் நின்று, மறுபடி ஆடியது.

"உங்கப்பாவுக்கு ஒரு கால் வராதேங்க?" என்றான் நசருல்லா.

"அதே சண்டையில பட்டதுதான். அவரு சாகற வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சு வுட்டது நான்தானே? முட்டிக்குக் கீழ கை வெச்சா துள்ளுவாரு."

"அந்தக் காலோடவா இன்னொரு ஆளைச் சொமந்தாரு?"

"வீரம்னா இன்னான்னு நெனச்சே? பெயிண்டு டப்பா தூக்கறதுன்னா?"

"வுடு பாய்" என்றார் பாஞ்சாலை, தலை நிமிராமல்.

எதிராளி தளர்ந்துவிட்டதாகக் கோவிந்தன் கணக்குப் போட்டான். கடைசிச் சரக்கை அவிழ்க்கிற நேரம்.

"இதைக் கேளு. எதிரிக்காரன் கூப்பிடு தூரத்துல போறான். முதுகுல இருக்கறவரு வலியில கத்திட்டா ரெண்டு பேரும் காலி. சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு, தூக்கறவரு தோளையே கடிச்சுட்டாரு! பல்லு எறங்கி ரத்தம் ஊத்துது. எங்கப்பா 'ஆ'ன்னு ஒரு சத்தம்? ஊஹூம்! உங்க வூட்டுக்காரரு புளி போட மண்டிக்கு வர்றப்போ, அவரு எதிர்லயே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்! ஒரு வார்த்தை மறுத்ததில்லையே? துண்டை இழுத்துப் போத்திக்கிட்டு, கேட்டுக்கிட்டே நிப்பாரு."

"எந்தத் தோளுங்க மொதலாளி?" நசருல்லா வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எடது. எங்கப்பா எப்பவும் எடதுன்னுதான் சொல்வாரு."

"எடதுதாங்க தம்பி" என்றார் பாஞ்சாலை.

"பாத்தியா! அவங்களே சொல்லிட்டாங்க!" கோவிந்தன் தொடையில் தட்டிக்கொண்டான். "அந்தத் தழும்பை நல்லா பெருசாப் போடுய்யா. நாளைக்கு ஊரே பாக்கணும்!"

"போட்டாச்சுங்க" என்று நசருல்லா வேட்டியை உருவினான்.

சுவரில் சடையன் நின்றார். வெற்று உடம்பு. கட்டுப்போட்ட கை நெஞ்சின் குறுக்கே. துண்டு நழுவிய இடது தோளில், பிறை மாதிரி வளைந்த பல் தழும்பு.

கோவிந்தன் சுவரை நெருங்கிப் போய் அந்தத் தழும்பை உற்றுப் பார்த்தான்.

"எந்த வெயில்லயும் மண்டிக்குத் துண்டு போத்திக்கிட்டுதான் வருவாரு தம்பி" என்றார் பாஞ்சாலை. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம் போலிருந்தது. "'அவன் புள்ள கண்ணுல இது பட்டுடப் போவுது'ன்னுவாரு."

கோவிந்தன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். அத்தனை சனிக்கிழமையும் அவை எண்ணெய் தேய்த்துவிட்ட அப்பாவின் தோளில், ஒரு கீறல்கூட இருந்ததில்லை.