அளவுத் தம்ளர்

சமையல் மேடையில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. அரசாங்கத்தின் குடிநோய் ஆராய்ச்சிக்காக வருஷத்துக்கு ஒருமுறை விவரம் எடுக்க வரும் பெண், சின்னதும் நடுத்தரமும் பெரியதுமாகப் பிளாஸ்டிக் தம்ளர்களை அந்த வெயிலில் வரிசையாக வைக்கிறாள். "அண்ணன் ஒரு தடவைக்கு இதுல எந்த அளவு குடிக்கிறாருக்கா?" நாலு வருஷமாக இதே தம்ளர், இதே கேள்வி. அளந்து அளந்து இவர்களுக்கு அலுக்கவே அலுக்காதா? பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அளந்துட்டு அளந்துட்டுப் போறியே, ஒரு டாக்டராவது இந்தப் படி ஏறினாரா?" "வைத்தியம் வேற பிரிவுக்கா. நாங்க விவரம் மட்டுந்தான் எடுப்போம்." தலை நிமிராமலே தாளைத் திருப்புகிறாள். போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் பேனா காத்து நிற்கிறது. வீட்டுக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தம்ளர்களை ஒவ்வொன்றாகக் கவிழ்க்கிறாள். அலமாரிமேல், கசங்கிய ஆஸ்பத்திரிச் சீட்டுகளுக்குப் பக்கத்தில், புதுச் சட்டம் போட்ட படத்தில் அவள் புருஷன் சிரிக்கிறான். ஈரல் கெட்டு அவன் கண்ணை மூடி இன்றோடு இருபது நாள். "எழுதிக்கோம்மா," என்கிறாள் அவள். "ரொம்பவே குறைஞ்சிருச்சு."